மண்வெட்டி இறங்கும் ஆழம்

மண்ணின் நிறத்தைக் காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் மூன்று மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு முன்னும் பின்னும் வெயிலில் சிவப்பு ஏறிவிடும். சாதாரணப் பழுப்பு மண்கூடச் செம்மண் போலத் தெரியும். இந்த அறையில் எரிகிற குழல் விளக்கில் பார்க்கவே கூடாது. நீங்கள் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் பைகளில் இருப்பதெல்லாம் உங்களுக்கு ஒரே அழுக்காகத் தெரிந்தால், அது உங்கள் கண்ணின் குற்றம் இல்லை. விளக்கின் குற்றம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு ஏற்ப நிறுத்தியே சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

நான் மண் ஆய்வாளன். குழி வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி, சுவரைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து, மேலிருந்து கீழே ஒவ்வோர் அடுக்காகப் பார்த்து எழுதுவது என் வேலை. என்ன நிறம், எவ்வளவு மணல், எவ்வளவு களி, வேர் எதுவரை போயிருக்கிறது. களியின் அளவை விரலாலேயே சொல்லிவிடுவேன். ஈரமண்ணை உருட்டி நாடா போல நீட்டினால், எந்த நீளத்தில் அறுகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சுரங்கத்தில் என்னை 'மண்ணு சார்' என்பார்கள். கொஞ்சம் கேலியும் கலந்த பெயர்தான். என் தங்கையின் கணவர் அங்கே லாரி ஓட்டுகிறார். "உங்கண்ணனுக்கு ஏன் கல்யாணம் ஆகலன்னு தெரியுமா? பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனா, தரையைப் பாத்துட்டு வந்துடுறார்" என்று அவளிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உண்மைதானே.

அது ஈயச் சுரங்கம். தாதுவை மாவாக அரைத்து ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு, மிஞ்சுகிற சாம்பல் நிறச் சேற்றை ஒரு பெரிய குளத்தில் தேக்கி வைப்பார்கள். எவ்வளவு பிரித்தாலும் அதில் ஈயம் மிச்சம் இருக்கும். நான் வேலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஒரு மழையில் அந்தக் குளத்தின் கரை உடைந்து சேறு ஆற்றில் இறங்கிவிட்டது. ஆறு அதைச் சுமந்து போய்ச் சமவெளி முழுக்கப் பரப்பியது. அப்புறம் வந்த வெள்ளங்கள் அதன்மேல் நல்ல வண்டலைப் போட்டு மூடின. மேலே நின்று பார்ப்பவருக்கு அதைவிட அருமையான நிலம் இருக்காது. புல் முழங்கால் உயரம் நிற்கும்.

வெள்ளச் சமவெளி பார்வைக்குத் தட்டையாக இருக்கும். ஆனால் தட்டை இல்லை. ஆறு கரை தாண்டும்போது, கையில் கனமாக இருக்கிற மணலை முதலில் இறக்கிவைத்துவிடும். அதனால் ஆற்றை ஒட்டி ஒரு மேடு உண்டாகும். மேட்டைத் தாண்டினால் தரை மெல்லத் தாழும். தாழ்வில் தண்ணீர் நாள்கணக்கில் நின்று, நிதானமாக, மிக நுண்ணிய துகள்களை இறக்கும். வளமும் அங்கேதான் சேரும். விஷமும் அங்கேதான் சேரும்.

பழைய தொழிலாளர் குடியிருப்புக்கு அடியில் தாது இருப்பது தெரிந்ததும், குடும்பங்களைச் சமவெளிக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. நாற்பது மனைகள். வீட்டுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு தோட்டம். ஏறக்குறைய எல்லாமே தாழ்வுப் பகுதியில்தான், ஏனென்றால் வீடு கட்ட அங்கேதான் இடம் அகலமாக இருந்தது. மண்ணை விவரித்து அறிக்கை தரும் வேலை எனக்கு வந்தது.

பன்னிரண்டு குழிகள் வெட்டினோம். ஒன்பதில் அந்தச் சாம்பல் அடுக்கு இருந்தது. மேலே கரும்பழுப்பு வண்டல், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும், மண்புழு நெளியும். அதற்குக் கீழே, கோடு கிழித்தாற்போல, வழவழப்பான ஒரு சாம்பல் பட்டை. புல்லின் வேர்கள் அதுவரை வந்து, மேற்கொண்டு இறங்காமல், பக்கவாட்டில் திரும்பியிருந்தன. சில குழிகளில் அந்தப் பட்டை நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது, சிலவற்றில் இருபதில். ஒரு குழியில் ஒன்பதே சென்டிமீட்டர். மண்வெட்டி ஒரு வெட்டுக்கு இருபது சென்டிமீட்டர் இறங்கும்.

தாதுவில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் கருவி சுரங்கத்திலேயே இருக்கிறது. அதில் நானே சோதித்தேன். கிலோ மண்ணுக்கு எட்டாயிரம் மில்லிகிராம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் நானூறைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்பார்கள்.

மேலாளர் என்னைப் பொய் எழுதச் சொன்னார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மழைக்கு முன்னாடி ரிப்போர்ட் வந்துட்டா நல்லாருக்கும், சார்." வேறு எதுவும் கேட்கவில்லை. பாதகமாக எழுதியிருந்தால் முகம் சுளித்திருப்பார், வேறு இடம் தேடியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

நான் அந்த ஒன்பது குழிகளை மூடிவிட்டு, ஆற்றோர மேட்டில் புதிதாக ஒன்பது குழிகள் வெட்டச் சொன்னேன். குளத்துக் கரை உடைந்த அன்றைக்கு மேட்டில் வெள்ளம் வேகமாக ஓடியதால் சாம்பல் சேறு தங்கவே இல்லை. சுத்தமான மணற்பாங்கான மண். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வீடெல்லாம் அந்தாண்டதானே சார் வருது? இங்க வெட்டி என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரே ஆறு கொண்டு வந்த மண்ணுதான். எங்க வெட்டினா என்ன?"

"அந்தச் சாம்பலா இருந்துச்சே, அது என்ன சார்?"

"ரொம்ப நைசான களி."

அது உண்மை. மிக நுண்ணிய களிதான் அது. அறிக்கையில் வந்த பன்னிரண்டு குழிகளைப் பற்றி, அதாவது பழைய மூன்றையும் புதிய ஒன்பதையும் பற்றி, நான் எழுதியதில் ஓர் எழுத்துக்கூடத் தவறு கிடையாது. நீங்கள் எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

அப்படியானால் ஏன் என்று கேட்கிறீர்கள்.

இந்தச் சுரங்கத்துக்கு வருமுன் ஏழு ஆண்டுகள் வேறோர் ஊரில் இதேபோன்ற மண்ணைப் பற்றி ஓர் ஆய்வு செய்தேன். மண்ணில் இவ்வளவு ஈயம் இருந்தால் மனித உடம்பில் எவ்வளவு ஏறும், எத்தனை ஆண்டில் ஏறும் என்பதுதான் கேள்வி. கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஊர் மக்கள் எப்போதிலிருந்து அந்த மண்ணில் இருக்கிறார்கள் என்பது தெரியாததால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்று இரண்டு வரி. நான் கோபப்படவில்லை. அவர்கள் சொன்னது சரி. தொடக்க நாள் தெரியாமல் எதையும் அளக்க முடியாது.

ஒன்பது சென்டிமீட்டரிலேயே சாம்பல் தெரிந்த அந்தக் குழிக்குள் நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது. இங்கே தொடக்க நாள் தெரியும். முதல் குடும்பம் பாத்திரம் பண்டங்களை இறக்குகிற நாள். அதற்கு முன் அவர்கள் சுத்தமான மண்ணில் இருந்தவர்கள். மண்ணின் அளவு எனக்குத் தெரியும், ஆழம் தெரியும், ஆட்கள் யார் என்று தெரியும். இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் இப்படி ஒன்று அமைந்ததாக நான் படித்ததில்லை. மத்தியானம் வரை குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மேலே நின்றவர் எனக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்து குரல் கொடுத்தார்.

மழைக்கு முன்பே குடிவந்தார்கள். என் தங்கை குடும்பத்துக்குப் பதினான்காம் மனை. அவள் மகள் பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. வந்த மறுநாளே தங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் கொத்த ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, இந்த மண்ணுல கீரை வருமா? தக்காளி போடலாமா? நீ சொன்னாத்தான் போடுவேன்."

"நல்லா வரும். போடு."

வந்தது. அவ்வளவு செழிப்பான கீரையை நான் பார்த்ததில்லை. ஈயம் கீரைக்குள் அதிகம் ஏறாது, பலர் தவறாக நினைக்கிறார்கள். இலையில் ஒட்டுகிற மண்ணில் இருக்கும், வீட்டுக்குள் வருகிற தூசியில் இருக்கும், குழந்தைகளின் நகத்தில் இருக்கும். வாய்க்குள் விரல் வைக்கிற வயதுதான் மிக முக்கியமான வயது. தங்கை சுத்தக்காரி, இரண்டு வேளையும் வீடு கூட்டுவாள். ஈரத்துணியால் துடைத்திருந்தால் அளவு பாதியாகக் குறைந்திருக்கும். கூட்டினால் தூசி எழும்பும். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

குழந்தைகளிடம் ரத்தம் எடுக்க முடியாது, காரணம் கேட்பார்கள். ஆனால் பால்பல் தானாகவே விழுகிறது. எலும்பைப் போலப் பல்லும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாகிறவரை விடாது. விழுந்த பல்லைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு கலர் பென்சில் என்று சொன்னேன். ஆறே மாதத்தில் எனக்குப் 'பல் மாமா' என்று பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் தெருவுக்குள் நுழைந்தால் நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு ஓடிவருவார்கள். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக் காட்டி, "இது அடுத்த வாரம் மாமா, எனக்குப் பச்சை வெச்சிருங்க" என்பான் ஒருவன். ஒவ்வொரு பல்லையும் ஒரு சிறிய உறையில் போட்டு, மனை எண், வயது, எந்தப் பல் என்று எழுதி வைத்தேன். ஆறு ஆண்டில் நூற்றுப் பதினேழு பற்கள். உங்களிடம் நூற்றுப் பதினாறு இருப்பதாகச் சொன்னீர்கள். இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு நல்ல கண். நான் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டைகளை நாலரை வயதிலேயே கையாளக் கற்றுக்கொண்டாள். மண்கட்டியை உடைத்து அட்டையின் ஓட்டைக்குப் பின்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். "தண்ணி தெளிச்சா வேற கலர் ஆவுது மாமா. ரெண்டையும் எழுதணும்" என்றாள் ஒருநாள். படித்துவிட்டு வந்த உதவியாளர்கள் பலர் அதைச் செய்ய மறந்திருக்கிறார்கள். என் மடியில் உட்கார்ந்து பத்துக் கட்டிகளில் ஒன்பதைச் சரியாகச் சொல்வாள்.

ஐந்தரை வயதில் ஏழு. ஆறில் ஐந்து. ஆறே முக்காலில், பழுப்பும் சாம்பலும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். "தெரியல மாமா, தலை வலிக்குது" என்றாள். வயிற்றுவலி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பள்ளியில் எழுத்துகளை மறக்கிறாள், அடம் என்று டீச்சர் சொன்னதாகத் தங்கை வந்து அழுதாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் அதே பத்துக் கட்டிகளை அதே வரிசையில் வைத்தேன். விடை எத்தனை சரி என்று தேதி போட்டு எழுதினேன். பல்லில் உள்ள அளவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அது எவ்வளவு சீராக இறங்குகிறது என்று நீங்களே காணலாம். மூன்றாவது நோட்டில் இருக்கிறது.

அந்த ஆண்டுக்குள் இரண்டு மனைகளில் மூன்று குழந்தைகள் வலிப்பு வந்து இறந்திருந்தார்கள். காய்ச்சல் என்றார்கள். குழி வெட்டியவரின் பேத்தி அதில் ஒருத்தி. அவர் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

சுரங்க மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. அவர் என் அலுவலகத்துக்கே வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"சார், இந்தப் பிள்ளைங்களுக்கு வர்றது வெறும் காய்ச்சல் இல்ல. ரத்தத்துல ஈயம் பாக்கணும். அந்த டெஸ்ட் இங்க கிடையாது, வெளிய அனுப்பணும். காரணம் எழுதாம அனுப்ப விட மாட்டேங்குறாங்க. மண்ணுல இருக்க வாய்ப்பிருக்குன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

"ரிப்போர்ட் இருக்கு டாக்டர். பாருங்க."

அவர் பன்னிரண்டு குழிகளையும் படித்தார். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். அவருக்கு மேடும் தாழ்வும் தெரியாது.

"அப்ப மண்ணுல இல்லியா?"

"இந்தக் குழிகள்ல இல்ல."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள், அதனால் விளக்குகிறேன். ஈயத்தை உடம்பிலிருந்து வெளியேற்ற மருந்து இருக்கிறது. பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது, இன்னும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் மருந்து கொடுத்தால் அன்றோடு பதிவு அறுந்துவிடும். ஐந்தாண்டுப் பதிவுக்கும் ஆறாண்டுப் பதிவுக்கும் வித்தியாசம் உண்டு. இன்னும் ஒரு மழை, ஒரு கோடை. அது முடிந்ததும் நானே எல்லாவற்றையும் எழுதி வெளியிடுவதாகத்தான் இருந்தேன். அதைப் படித்து உலகத்தில் எத்தனையோ சுரங்கங்களின் பக்கத்தில் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருப்பார்கள். அந்தக் கணக்கையும் நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும்.

பாப்பா எட்டாவது வயதில், கோடையில், பள்ளிக்கூடத்து வராந்தாவில் விழுந்தாள். இரண்டு நாள் நினைவு திரும்பவில்லை. நான் கூடவே இருந்தேன். கடைசி மூச்சு வரை என் கையைத்தான் பிடித்திருந்தாள் என்று நர்ஸ் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் சின்னவன், மூன்று வயது, அந்த வீட்டிலேயே பிறந்தவன். பாப்பாவின் போட்டோ ஒன்றைப் பெரிதாக்க வேண்டும், உன்னிடம்தான் நல்லதாக ஒன்று இருக்கிறது என்றாள். அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கீழ்த்தட்டின் பெட்டி அவள் மடியில் திறந்திருந்தது.

"இது பாப்பா பல்லா?"

"ஆமா."

"ஏன் நம்பர் போட்டிருக்கே?"

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் நினைப்பது போல நான் ஒளிக்கவில்லை. கேட்டாள், சொன்னேன். வெள்ளம் எப்படி மண்ணைப் பிரிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, ஈயம் எலும்பில் எப்படிச் சேர்கிறது என்பது வரை. அரைமணி நேரம் இருக்கும்.  டீயில் ஆடை படிந்துவிட்டது.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"குழி வெட்டின அன்னிக்கே."

"கீரை போடலாமான்னு உன்னைக் கேட்டேனே, அண்ணா."

"கேட்டே."

"தினம் ஊட்டினேன். வேணாம் வேணாம்னு துப்புவா. அடிச்சு ஊட்டினேன்."

 கீரையை விட வீட்டுத் தூசிதான் முக்கியக் காரணம் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமோ என்று நினைத்தேன். சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சின்னவனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று நான்தான் அவனுக்கு மாதாமாதம் முடி வெட்டிவிடுவேன். அவள் கை அவன் உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது.

"இவனுக்கு எவ்ளோ இருக்கு?"

முடியிலும் அளவு தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. தானாகவே புரிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் அவள்தான் புத்திசாலி, அவளைப் படிக்க வைத்திருக்க வேண்டும். நான் அளவைச் சொன்னேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். நேராக டாக்டரம்மாவிடம் போய், அங்கிருந்து இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். மருந்து ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. அவன் அளவு இன்னும் மோசமாகவில்லை.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

மனைகளைப் பங்கு போட்டபோது மேலாளர் வரைபடத்தை என் முன்னால் விரித்துப்போட்டு, "உங்க தங்கச்சி குடும்பமும் வருதாமே சார், நல்ல மனையா நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். மேட்டை ஒட்டி மூன்று மனைகள் இருந்தன. அவற்றில் சாம்பல் அடுக்கு சுத்தமாகக் கிடையாது. நான் பதினான்கைக் காட்டினேன். ஒன்பது சென்டிமீட்டர் குழி இருந்த இடம் அது. அடுத்தவர் வீட்டுக்குள் வாரம் தவறாமல் போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, சந்தேகம் வரும். தங்கை வீட்டுக்குப் போகலாம். எதிலும் ஓர் உச்ச அளவு வேண்டும். அந்த உச்ச அளவு அன்றாடம் கண்ணெதிரே இருக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்டு வாங்கினேன். ஆம், தெரிந்தேதான். இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம். இரண்டாம் பக்கத்தில் 'அலட்சியத்தால்' என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என்மேல் எதை வேண்டுமானாலும் சுமத்துங்கள், அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த நாற்பது வீடுகளில், பெற்றவர்கள் உட்பட, அந்தக் குழந்தைகளை என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டவர் யாருமே இல்லை.